பத்து விநாடிக் கணக்கு சட்டத்தில் இல்லை

கேள்வி: புதுப் படங்களை விமர்சனம் செய்து யூடியூபில் போடுகிறேன். காட்சி பத்து விநாடிக்குள் இருந்தால் காப்பிரைட் பிரச்சினை வராது, கீழே 'ஃபேர் யூஸ்' என்று ஒரு பத்தியும் தயாரிப்பாளர் பெயரும் போட்டுவிட்டால் போதும் என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா? – வாசகி, திண்டுக்கல்

உண்மை இல்லைங்க. பத்து விநாடி, முப்பது விநாடி, நூறு சொல் என்று எந்தக் கணக்கும் நம் சட்டத்திலும் இல்லை, அமெரிக்கச் சட்டத்திலும் இல்லை. நண்பர்கள் சொல்லும் அந்தப் பத்தியை நானும் எத்தனையோ தமிழ் வீடியோக்களின் கீழே பார்த்திருக்கிறேன், '1976 சட்டம், பிரிவு 107' என்று இருக்கும். அது அமெரிக்கச் சட்டம். நமக்கு 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், அதில் 52-வது பிரிவு. பிறர் படைப்பிலிருந்து அனுமதி இல்லாமலே எடுத்தாளச் சட்டம் விடும் விலக்குக்கு அங்கே 'ஃபேர் யூஸ்' என்று பெயர், இங்கே 'ஃபேர் டீலிங்', அதாவது நியாயமான கையாளல்.

பெயரில் மட்டும் இல்லை வித்தியாசம். அமெரிக்காவில் எதற்காக எடுத்தீர்கள், எடுத்தது எப்படிப்பட்ட படைப்பு, எவ்வளவு எடுத்தீர்கள், அதனால் அசலின் வியாபாரம் கெடுமா என்று நான்கையும் சேர்த்து வைத்து நீதிமன்றம் எடைபோடும். இங்கே எந்தெந்த நோக்கம் என்பதைச் சட்டமே சொல்லிவிடுகிறது: ஆராய்ச்சி உட்பட சொந்த உபயோகம், விமர்சனம், நடப்புச் செய்தி. இவற்றில் ஒன்றுக்குள் வந்தால்தான், கையாண்ட விதம் நியாயமா என்ற பேச்சே எழும். நீங்கள் செய்வது விமர்சனம், அதனால் முதல் படியைத் தாண்டிவிட்டீர்கள், பயப்பட வேண்டாம்.

அடுத்தது அளவு. இதைப் புரிந்துகொள்ள 1985-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கை எப்போதும் சொல்வேன். முன்னாள் அதிபர் ஃபோர்டின் நினைவுக் குறிப்புகள் புத்தகமாக வருவதற்கு முன்பே 'தி நேஷன்' பத்திரிகை அதிலிருந்து எடுத்துக் கட்டுரை போட்டுவிட்டது. சொல்லுக்குச் சொல் எடுத்தது சுமார் 300 சொற்கள்தான், ஆனால் தனக்கு முன் அதிபராக இருந்து பதவி விலகிய நிக்சனுக்கு ஃபோர்டு மன்னிப்பு கொடுத்த கதை அதில் இருந்தது, புத்தகத்தின் உயிரே அந்த இடம்தான். முதலில் வெளியிடப் பணம் பேசியிருந்த 'டைம்' பத்திரிகை ஒப்பந்தத்தையே கைவிட்டது. 'தி நேஷன்' தோற்றது.

இதற்கு நேர்மாறாக, கேரள உயர் நீதிமன்றத்தில் 1996-இல் ஒரு வழக்கு. மலையாள நாடக ஆசிரியர் தோப்பில் பாசியின் புகழ்பெற்ற கம்யூனிஸ்ட் நாடகத்துக்கு மறுப்பாக சிவிக் சந்திரன் ஓர் எதிர் நாடகம் எழுதினார். பழைய நாடகத்தின் பாத்திரங்களும் வசனங்களும் அதில் கணிசமாகவே வந்தன. ஆனாலும் அது பழைய நாடகத்தை விமர்சிக்க எழுதியது, அதன் இடத்தைப் பிடிக்க எழுதியது இல்லை என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. என்னைக் கேட்டால் விமர்சனம் செய்கிற ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய தீர்ப்பு இது.

ஆக, ஒரு காட்சியைக் காட்டி 'இந்த இடத்தில் கேமரா ஏன் விலகி நிற்கிறது பாருங்கள்' என்று நீங்கள் பேசினால் அந்தக் காட்சி உங்கள் வாதத்துக்கு வேண்டியது. கிளைமாக்ஸை அப்படியே ஓடவிட்டுக் கடைசியில் 'சூப்பர்' என்று ஒரு சொல் சொன்னால், ஐந்து விநாடியாக இருந்தாலும் நான் உங்கள் பக்கம் பேச மாட்டேன், பல பேர் மாதக்கணக்கில் உழைத்து எடுத்தது அது. தயாரிப்பாளர் பெயர் போடுவது நல்ல பழக்கம், ஆனால் பெயர் போட்டதால் அனுமதி வாங்கியதாகிவிடாது. அப்புறம், யூடியூபில் தானாக வந்து விழும் உரிமைகோரல் ஒரு கணினி செய்வது, அதற்கு விமர்சனமா திருட்டா என்று தெரியாது, காரணத்தைத் தெளிவாக எழுதி மறுப்புத் தெரிவியுங்கள். 'ஸ்ட்ரைக்' வேறு, அது உரிமையாளர் புகார் கொடுத்து வீடியோவை நீக்கவைக்கும்போது சேனல் மீது விழும் எச்சரிக்கை, 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலே போய்விடும், அங்கே எதிர் அறிவிப்பு, அதாவது அந்தப் புகாருக்குச் சட்டப்படியான மறுப்பு, கொடுக்குமுன் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள்.

கேள்வி: கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். விலை அதிகமான புத்தகங்களிலிருந்து சில அத்தியாயங்களை ஜெராக்ஸ் எடுத்து மாணவர்களுக்குக் கொடுப்பது குற்றமா? – வாசகர், தஞ்சாவூர்

இல்லை, தயங்காமல் கொடுங்கள். பாடம் நடத்துவதற்காக ஆசிரியரோ மாணவரோ பிரதி எடுப்பதற்கு 52-வது பிரிவிலேயே தனி இடம் உண்டு. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ஜெராக்ஸ் கடை மீது 2012-இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உட்பட மூன்று பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. பல புத்தகங்களின் பகுதிகளைத் தொகுத்து மாணவர்களுக்கு விற்கிறார்கள் என்பது புகார். 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம், பாடத்துக்குத் தேவைப்படும் வரை இத்தனை பக்கம்தான் என்று வரம்பு கட்ட முடியாது என்றது, மறு ஆண்டு பதிப்பகங்களே வழக்கை விட்டுவிட்டன. வீட்டில் புத்தகம் வாங்க வழியில்லாத பிள்ளைகளை நினைத்தால் அந்தத் தீர்ப்பு எனக்கு இன்றும் நிம்மதி தருகிறது. முழுப் புத்தகத்தையும் பிரதி எடுத்து வெளியே விற்பதற்கு மட்டும் இதைச் சாக்காக்க வேண்டாம்.

கேள்வி: மகள் கல்யாணத்தில் சினிமாப் பாட்டு போடப் பணம் கட்ட வேண்டுமா? – வாசகர், ஈரோடு

வேண்டாம். கல்யாண ஊர்வலத்தையும் கல்யாணத்தோடு சேர்ந்த விருந்து, கொண்டாட்டங்களையும் சட்டம் விலக்கிவைத்திருக்கிறது, 2023-இல் மத்திய அரசும் இதைத் தெளிவுபடுத்தி அறிவிப்பு கொடுத்தது. ஆனால் அதே பாட்டைப் பின்னணியில் சேர்த்துக் கல்யாண வீடியோவை யூடியூபில் ஏற்றினால் அந்த விலக்கு அங்கே பொருந்தாது, வீடியோகிராபரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.