ரிசார்ட்டில் கல்யாணம்: முன்பணம் கட்டுவதற்கு முன்னால் எதையெல்லாம் கேட்க வேண்டும்?

ஈசிஆரில் கடலோரமாக ஒரு ரிசார்ட்டில் தங்கை கல்யாணத்தை வைக்க நினைக்கிறோம், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் என்னென்ன கேட்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். என் தங்கை கல்யாணத்தை மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் நான்தான் முன்னால் நின்று நடத்தினேன், அதனால் இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. ரிசார்ட் பெயரைச் சொல்லப் போவதில்லை, கேட்காதீர்கள். அங்கே நடந்தது எல்லா இடத்திலும் நடக்கக்கூடியதுதான்.

"மண்டபத்தில் செய்தால் போதாதா, எதற்கு இந்த ஆடம்பரம்" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் திருச்சி, மாப்பிள்ளை வீடு மதுரை, பெண்ணும் மாப்பிள்ளையும் வேலை பார்ப்பது சென்னையில். மண்டபம் எடுத்தால் லாட்ஜில் தனியாக ரூம் போட வேண்டும், அங்கிருந்து மண்டபத்துக்கு வேன் விட வேண்டும், அதிகாலையில் பாட்டிகளையும் குழந்தைகளையும் கிளப்பிக் கொண்டுவர வேண்டும். எல்லோரும் ஒரே வளாகத்தில் தங்கினால் போதும் என்றுதான் ரிசார்ட் பார்த்தோம். அழைத்ததும் இருநூறு பேருக்குள்தான். உங்கள் வீட்டில் ஆயிரம் பேர் என்றால் மண்டபமே சரி, அதில் எனக்கு மறுப்பில்லை.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, மண்டபத்துக்காரருக்கு நம் கல்யாணம் எப்படி நடக்கும் என்று தெரியும். முதல் நாள் மதியம் சாவியைக் கொடுத்தால் மறுநாள் மதியம் வாங்கிக்கொள்வார், இடையில் மூன்று மணிக்கு அடுப்பு பற்ற வைத்தாலும் நான்கு மணிக்கு மேளம் வாசித்தாலும் அவர் தூக்கம் கெடாது. ரிசார்ட் அப்படி இல்லை. அது அறைகளையும் லானையும், அதாவது புல்வெளியையும், மணிக்கணக்குப் போட்டு விற்கிற இடம். செக்-இன் மதியம் இரண்டு மணி, செக்-அவுட் காலை பதினொன்று. இதை நம் கல்யாணத்தின் மேல் வைத்துப் பாருங்கள். மதுரையில் இருந்து ராத்திரி கிளம்பும் பஸ் விடியற்காலையில் வந்து நிற்கும், ரூம் மதியம்தான் கிடைக்கும். மறுநாள் காலை முகூர்த்தம் முடிந்து, டிபன் முடிந்து, பெரியவர்கள் கொஞ்சம் காலை நீட்டலாம் என்று போனால் ரூமைக் காலி பண்ணச் சொல்லிப் போன் வரும், மதியச் சாப்பாட்டுப் பந்தி அப்போதுதான் தொடங்கியிருக்கும். அதனால் விலை பேசுவதற்கு முன் ஒரு காகிதத்தில் உங்கள் கல்யாணத்தை மணிவாரியாக எழுதுங்கள். யார் எத்தனை மணிக்கு வருகிறார்கள், எங்கே குளிக்கிறார்கள், பூக்காரர் ராத்திரி இரண்டு மணிக்கு வந்தால் கேட் திறப்பார்களா, மூன்றரை மணிக்குக் காபி யார் போடுவார்கள், அந்த நேரத்தில் வெந்நீர் வருமா. அந்தக் காகிதத்தை விற்பனை மேலாளர் முன்னால் வைத்து வரிவரியாகக் கேளுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். காபி விஷயத்தில் மட்டும் அவர் ரொம்ப நேரம் யோசித்தார், ஏனென்றால் அவர்கள் சமையலறை திறப்பதே ஆறு மணிக்கு மேல்தான்.

அடுத்தது மழை. ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியில் இல்லை, புரட்டாசியைப் பலர் தவிர்க்கிறார்கள். ஆவணியை விட்டால் வருடத்தின் இரண்டாம் பாதியில் மிஞ்சுவது ஐப்பசியும் கார்த்திகையும். அந்த இரண்டு மாதமும் நம் கடற்கரைக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். 2022 டிசம்பர் 9ஆம் தேதி ராத்திரி மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது மாமல்லபுரம் பக்கத்தில்தான். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்தது. இப்படி இருந்தும் ரிசார்ட்டுகள் காட்டும் படங்களில் எப்போதும் நீல வானம், புல்வெளி, வெள்ளைத் துணிப் பந்தல். நீங்கள் கேட்க வேண்டியது "மழை வந்தால் உள்ளே இடம் உண்டா" என்று இல்லை. அதற்கு எல்லோரும் உண்டு என்றுதான் சொல்வார்கள். "எங்கள் இரண்டு நாளும் உள்ளரங்கம் எங்கள் பெயரில் மட்டும் இருக்குமா, கூடுதல் கட்டணம் இல்லாமல், வேறு யாருக்கும் கொடுக்காமல்?" என்று கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். வாய் வார்த்தை வேண்டாம், வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரலும் வேண்டாம்.

எங்களுக்கு என்ன நடந்தது தெரியுமா? கல்யாணம் கார்த்திகையில். வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி என்று செய்தியில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். வரவேற்புக்கு முந்தின நாள் ரிசார்ட்டில் இருந்து போன். ஹாலை ஒரு கம்பெனிக் கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டோம், சாயங்காலம் ஏழு மணி வரைக்கும்தான், மழை வராது மேடம், நீங்கள் கவலைப்படாதீர்கள் என்று அந்த ஒருங்கிணைப்பாளர் பெண் சொல்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, மேலே இருப்பவர் சொன்னதைச் சொல்கிறார். நான் வாக்குவாதம் செய்யவில்லை. மூன்று மாதம் முன்னால் அவர்களே அனுப்பிய மின்னஞ்சலைப் பொது மேலாளருக்கு அனுப்பி, "இதில் எழுதியபடி ஹால் காலை முதல் எங்களுக்கு வேண்டும்" என்று ஒரே ஒரு வரி எழுதினேன். ஒரு மணி நேரத்தில் கம்பெனிக் கூட்டம் உணவகத்தின் மாடிக்குப் போய்விட்டது. மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்குக் கொட்டித் தீர்த்தது பாருங்கள், லானில் போட்டிருந்த நாற்காலியெல்லாம் தண்ணீரில் நின்றது. வரவேற்பு ஹாலில் நன்றாகவே நடந்தது. அந்த மின்னஞ்சல் இல்லாவிட்டால் இருநூறு பேரும் வராந்தாவில் நின்றிருப்பார்கள். இதை நான் பெருமையாகவே சொல்கிறேன்.

ஹாலின் அளவையும் நேரில் பாருங்கள். முந்நூறு பேர் என்று போட்டிருப்பது வெறும் நாற்காலி வரிசைக்கு. மேடை போட்டு, சாப்பாட்டு மேசை போட்டு, போட்டோகிராபர் நிற்க இடம் விட்டால் பாதிதான் மிஞ்சும்.

முகூர்த்த நேரம். எங்கள் புரோகிதர் முதலில் குறித்துக் கொடுத்தது பிரம்ம முகூர்த்தம், நாலரை ஆறு. ஒலி மாசு விதிகள் 2000 என்று ஒன்று இருக்கிறது. ராத்திரி பத்து மணியில் இருந்து காலை ஆறு மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி மட்டுமல்ல, இசைக்கருவியும் வாசிக்கக் கூடாது, மூடிய அரங்கத்துக்குள் மட்டும்தான் விலக்கு. கடலைப் பார்த்தபடி தாலி கட்டலாம் என்று விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. நான் குறிப்பாக "ஐந்து மணிக்கு லானில் நாதஸ்வரமும் தவிலும் வாசிக்கலாமா" என்று எழுதிக் கேட்டபிறகுதான் முடியாது என்றார்கள். கெட்டிமேளம் இல்லாமல் தாலி கட்டுவதா? வேறு நாள் பார்த்து ஆறு ஏழரை முகூர்த்தமாக மாற்றிக்கொண்டோம். பத்திரிகை அடித்த பிறகு தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஓமம் வளர்ப்பவர்கள் என்றால் ஹாலுக்குள் தீ மூட்ட அனுமதி உண்டா என்று கேளுங்கள். பல ஹால்களில் கார்ப்பெட், ஃபால்ஸ் சீலிங், புகை வந்தால் அலறும் கருவி எல்லாம் இருக்கும். அந்த ஒரு மணி நேரம் அந்தப் பகுதியில் மட்டும் அதை நிறுத்திவைத்து, தீயணைப்பானோடு ஒரு ஆளை நிறுத்துவார்களா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வெளியே கடலோரம் என்றால் காற்று. குத்துவிளக்கே நிற்காது, மூன்று பக்கம் தட்டி கட்ட வேண்டியிருக்கும்.

சாப்பாட்டில்தான் பணம் ஓடும். பெரும்பாலான இடங்களில் வெளி சமையல்காரரை விட மாட்டார்கள், விட்டால் சமையலறைக்கு என்று தனிக் கட்டணம். அவர்கள் தருவது பஃபே. வாழை இலை போட்டுப் பரிமாற வேண்டும் என்றால் ஆள் அதிகம் என்று தலைக்கு ஏற்றிச் சொல்வார்கள். மினிமம் கேரண்டி என்று ஒரு எண் போடுவார்கள், அதற்குக் குறைந்த பேர் சாப்பிட்டாலும் அந்தப் பணத்தைக் கொடுத்தே ஆக வேண்டும், அதனால் அந்த எண்ணைக் குறைத்துப் பேசி, கூடினால் தலைக்கு இவ்வளவு என்று வையுங்கள். இன்னொன்று யாரும் சொல்லித் தருவதில்லை. அறை வாடகையிலேயே காலைச் சாப்பாடு சேர்ந்திருக்கும். முகூர்த்தத்தன்று காலை டிபனுக்கும் தலைக்கு இவ்வளவு என்று தனியாகப் போட்டிருப்பார்கள். அதாவது அங்கே தங்கியிருக்கும் ஒவ்வொருவருக்கும் இரண்டு முறை இட்லிக்குக் காசு. இதை நான் எடுத்துச் சொன்னதும் கழித்துக் கொடுத்தார்கள், கேட்காமல் இருந்தால் கழித்திருக்க மாட்டார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை, கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும். இவ்வளவையும் கேட்டது நான். மேலாளர் பதில் சொன்னதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவரைப் பார்த்து. அவர், "சார், அவங்கதான் பேசுறாங்க, அவங்ககிட்ட சொல்லுங்க" என்று சொல்லியும் அடுத்த வரியிலேயே மறுபடி "சார்". அப்பா போன பிறகு அம்மா எந்த அலுவலகத்துக்குப் போனாலும் இதே கதைதான். மின் இணைப்பைப் பெயர் மாற்றப் போன இடத்தில், "வீட்டில் ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா" என்று கேட்டார்கள். முப்பது வருடம் அந்த வீட்டின் வரவு செலவு பார்த்தவர் அம்மா. ஒரு கையெழுத்துக்குத் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. கல்யாணத்திலும் ஒரு சித்தப்பா வந்து "ரிசார்ட்காரன்கிட்ட நான் பேசிக்கிறேன், உனக்கு எதுக்கும்மா" என்றார். அவர் பேசியிருந்தால் அந்த மின்னஞ்சல் இருந்திருக்காது. உடனே ஆண்களைக் குறை சொல்கிறாள் என்று வராதீர்கள், என் கணவரைப் பற்றி மேலேயே எழுதியிருக்கிறேன். பேச வந்திருப்பவர் யாரோ அவரைப் பார்த்துப் பேசுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

சரி, வரி. தலைக்கு இவ்வளவு, அறைக்கு இவ்வளவு என்று சொல்லும் தொகை ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று முதலிலேயே கேளுங்கள். அறை வாடகை நாளொன்றுக்கு 7,500 ரூபாயைத் தாண்டினால் 18 சதவீதம். அதற்குள் என்றால் 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம், முன்பு 12 ஆக இருந்தது. நாற்பது அறை எடுக்கும்போது இந்த வித்தியாசம் சின்னது இல்லை. வெளி ஆளை வைத்து அலங்காரம் செய்தால் ராயல்டி என்று ஒரு தொகை கேட்பார்கள், போட்டோகிராபருக்கும் கேட்கும் இடம் உண்டு.

பாட்டுப் போட லைசென்ஸ் வாங்கி வா என்று எங்களிடம் கேட்டார்கள். பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 52(1)(இசட்ஏ) கல்யாண ஊர்வலத்தையும் கல்யாணத்தோடு சேர்ந்த கொண்டாட்டங்களையும் விலக்கி வைத்திருக்கிறது, 2023 ஜூலையில் மத்திய அரசின் துறையே இதைச் சொல்லி அறிவிப்பு வெளியிட்டது. அதை அச்செடுத்துக் கொடுத்தேன், அதற்கப்புறம் அந்தப் பேச்சு வரவில்லை. நான் வக்கீல் இல்லை, இதில் கோர்ட்டில் வழக்குகளும் நடந்திருக்கின்றன, பெரிய டிஜே நிகழ்ச்சி வைப்பவர்கள் தெரிந்த ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜெனரேட்டர் லானுக்கும் ஹால் ஏசிக்கும் சேர்த்து ஓடுமா, டீசல் யார் தலையில். ட்ரோன் விட ஆசை இருந்தால் கல்பாக்கம் அணுமின் நிலையம் பக்கத்தில் இருப்பதை மறக்காதீர்கள், ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்து, அனுமதி யார் எடுப்பது என்று தெளிவாக்குங்கள். மணலில் நிகழ்ச்சி வைத்துத் தருகிறோம் என்றால், கடற்கரை ரிசார்ட்டுக்குச் சொந்தமில்லை, அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். டிரைவர்களும் மேளக்காரர்களும் எங்கே படுப்பார்கள், அவர்களுக்குச் சாப்பாடு உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். பல இடங்களில் கார் நிறுத்துமிடத்திலேயே படுக்க விட்டுவிடுவார்கள், ராத்திரி முழுக்க வண்டி ஓட்டி வந்தவருக்கு அது நியாயமே இல்லை. புயல் எச்சரிக்கை வந்து தேதியை மாற்ற வேண்டிவந்தால் முன்பணம் முழுசாக அடுத்த தேதிக்குப் போகுமா, எத்தனை மாதத்துக்குள் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பணத்தை நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் மட்டும் போடுங்கள், எந்த ஊழியரின் சொந்த ஜிபே எண்ணுக்கும் வேண்டாம்.

உங்கள் தேதி இன்னும் முடிவாகவில்லை என்றால் தை கடைசி அல்லது மாசி பாருங்கள், மழை போயிருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. ஆனால் வளர்பிறை முகூர்த்த நாள் என்றால் அதே ரிசார்ட்டில் அதே நாள் இன்னொரு கல்யாணமும் இருக்கலாம், அப்போது எந்த லான் யாருக்கு, யார் மைக் எத்தனை மணி வரை என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.