பேரப்பிள்ளைகளோடு வெளியூர்: காலை பதினொன்றுக்குள் வீடு திரும்புங்கள்

கேள்வி: ஸ்ரீரங்கத்தில் இருக்கிறோம். எனக்கு 66 வயது, மூட்டுவலி. வீட்டுக்காரருக்கு 71, சர்க்கரை உண்டு. பெங்களூரிலிருந்து மகளும் பிள்ளைகளும் மே மாதம் வருகிறார்கள். மகள் நான்கு நாளில் வேலைக்குத் திரும்பிவிடுவாள். பிள்ளைகள் பன்னிரண்டு நாள் இருப்பார்கள். பேரனுக்குப் பத்து, பேத்திக்கு நான்கு. போன வருடம் கொடைக்கானல் போனோம். மலையேறும்போது பேத்திக்கு வாந்தி, மேலே போனால் வண்டி நெரிசல், ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பினோம். இந்த முறை பக்கத்திலேயே எங்கெங்கே கூட்டிப்போகலாம்? பேரன் கையில் எப்போதும் போன்தான். அதற்கும் ஏதாவது வழி சொல்லுங்கள்.

பதில்: கொடைக்கானலை விடுங்கள் அம்மா. 2024 மே மாதத்திலிருந்து அங்கே போக இ-பாஸ் எடுக்கவேண்டும். அதுகூடப் பெரிய விஷயமில்லை. நான்கு வயதுக் குழந்தைக்கும் எழுபதைத் தாண்டியவருக்கும் அந்த மலைப்பாதை ஒரே நாளில் ஒத்துவராது.

நான் குடும்பங்களுக்குச் சுற்றுலா ஏற்பாடு செய்கிறவன். ஆனாலும் என் சொந்தப் பேரன் விஷயத்தில் கோட்டைவிட்டேன். ஒரே நாளில் மலைக்கோட்டை, கல்லணை, பெரிய கோயில் என்று மூன்றையும் அடுக்கினேன். கல்லணைக்குப் போய்ச் சேரும்போது பையன் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். இரவு வீட்டில், 'இன்னைக்கு என்னடா பார்த்தே?' என்று கேட்டேன். 'ஒரு நாய் பரோட்டா சாப்பிட்டுச்சு தாத்தா' என்றான். கரிகாலனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்றிலிருந்து ஒரு நாளைக்கு ஓர் இடம்தான் என்று வைத்துக்கொண்டேன்.

பயணத்தின் நீளத்தைச் சின்னவளின் தூக்கமும் உங்கள் முழங்காலும்தான் முடிவுசெய்ய வேண்டும். மே 4 முதல் 28 வரை கத்திரி. அதனால் விடிகாலையில் கிளம்பி, காலை பதினொன்றுக்குள் வீட்டு வாசலில் இருக்கப் பாருங்கள். சாப்பாடு, தூக்கம், மாலையில் தெருவிலேயே விளையாட்டு. பன்னிரண்டு நாளில் இப்படி மூன்று அரை நாள், மகள் இருக்கும்போதே ஓர் இரவு வெளியூர். அதற்கு மேல் வேண்டாம். இரண்டு பயணங்களுக்கு நடுவில் ஒரு நாளாவது ஓய்வு விடுங்கள். அது பிள்ளைகளைவிட உங்களுக்குத்தான் தேவை.

முதல் பயணம் தஞ்சாவூர். கார் எடுக்காதீர்கள், ரயிலில் போங்கள். காரிலேயே வளரும் பெங்களூர்ப் பிள்ளைகளுக்கு முன்பதிவில்லாப் பெட்டியின் ஜன்னலோரம்தான் பாதிச் சுற்றுலா. திருச்சி ஜங்ஷனிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர், ஒரு மணி நேரம் முன்னே பின்னே ஆகும். ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் விழுப்புரம் பாதையில் இருக்கிறது. தஞ்சாவூர் வண்டிக்கு ஜங்ஷன்தான் வரவேண்டும். ஐந்து வயதுக்குள் இருப்பதால் பேத்திக்கு டிக்கெட் வேண்டாம், பேரனுக்கு அரை டிக்கெட். உங்கள் இருவருக்கும் முழுக் கட்டணம். மூத்த குடிமக்கள் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள்.

பெரிய கோயிலில் எட்டரைக்குள் உள்ளே இருந்தால் தரை சுடாது. ஒன்பதரைக்கு மேல் அந்தக் கருங்கல் தளம் தோசைக்கல்தான். விரிப்பு போட்டிருந்தாலும் பிள்ளைகள் அதைவிட்டுத்தான் ஓடும். ஆளுக்கொரு ஜோடி பழைய சாக்ஸ் எடுத்துப்போங்கள். செருப்பை விட்டதும் போட்டுவிடுங்கள். இது இல்லாமல் அழுதுகொண்டே இடுப்பில் ஏறும் குழந்தைகளை ஒவ்வொரு மே மாதமும் பார்க்கிறேன்.

1010-இல் ராஜராஜன் கட்டி முடித்தான், விமானம் 216 அடி என்று பேரனிடம் சொன்னால் 'ஓகே தாத்தா' என்பான், அதோடு சரி. அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று ஊரெல்லாம் சொல்கிறார்களே, அது நிஜமா என்று அவனே பார்த்துச் சொல்லட்டும். காலை வெயிலில் நிழல் மேற்குப் பக்கம் நீளமாகவே விழுந்திருக்கும். பெரியவர்கள் இத்தனை வருடம் சொன்னது பொய் என்று கண்டுபிடிப்பதில் பத்து வயதுக்கு இருக்கும் சந்தோஷமே தனி. அடுத்து, விமானத்தின் வடக்குப் பக்கம் தொப்பி வைத்த வெள்ளைக்காரர் மாதிரி ஓர் உருவம் இருக்கிறது. அதைத் தேடச் சொல்லுங்கள். எங்கே இருக்கிறது என்று நீங்கள் காட்டக்கூடாது. இருபது நிமிடம் ஓடிவிடும், அதற்குள் நீங்கள் திருச்சுற்று மாளிகை நிழலில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்ளலாம். பேத்திக்கு நந்தி போதும். அவள் அங்கேயே நின்றுவிடுவாள்.

திரும்பும் வழியில் ஒரு தலையாட்டிப் பொம்மை வாங்குங்கள். சாய்த்தாலும் ஏன் எழுந்து நிற்கிறது என்று பேரன் கேட்டால் பதில் சொல்லவேண்டாம். வீட்டுக்கு வந்ததும் உருண்டையான அடியுள்ள கிண்ணத்தில் களிமண்ணை அப்பி, மேலே காகிதக் கூம்பு ஒட்டிச் செய்துபார்க்கச் சொல்லுங்கள். ஒரு மத்தியானம் அதிலேயே போகும்.

இரண்டாவது, உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிறது. இதற்கு மட்டும் ரொம்பச் சீக்கிரம் போகாதீர்கள். வெயில் ஏறி இறகு சூடானால்தான் வண்ணத்துப்பூச்சி பறக்கும். ஒன்பது மணிவாக்கில் போனால் சரியாக இருக்கும். ஆனால் பூங்காவுக்குப் போகும் முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. பிள்ளைகள் வந்த அன்றே கொல்லையிலிருக்கும் கறிவேப்பிலைச் செடியைப் புரட்டிப் பாருங்கள். இலைமேல் காக்கை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டியிருந்தால் துடைத்துவிடாதீர்கள், அது புழு. வளர்ந்தபிறகு இலைப்பச்சை நிறத்துக்கு மாறும். லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை மாதிரி ஒரு சிவந்த கொம்பை நீட்டும், ஒரு வாடையும் அடிக்கும். பேத்தி வீல் என்று கத்துவாள், பிறகு மறுபடி தொடுவாள். முதல் நாளே கொழுத்த பச்சைப்புழு கிடைத்தால், கிளையோடு ஒடித்துத் தண்ணீர்ப் பாட்டிலில் செருகி, கொசுவலைத் துணி போட்டு மூடி வையுங்கள். கூட்டுப்புழுவாகி, இந்த வெயிலுக்குப் பத்து நாளில் வெளிவரவும் கூடும், ரயிலேறும் முன்பே. பாட்டில் வாயைப் பஞ்சால் அடைக்க மறக்காதீர்கள், புழு உள்ளே விழுந்துவிடும்.

மூன்றாவது முக்கொம்பு. திருச்சியிலிருந்து 18 கிலோமீட்டர். நல்ல மரநிழல், ஊஞ்சல், சறுக்குமரம், சமமான நடைபாதை. உங்கள் காலுக்கும் ஆகும், சின்னவளுக்கும் ஆகும். இங்கே தாத்தாவைப் பேசவிடுங்கள். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இந்த மேலணையை 1836-இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கட்டியதையும், 2018 ஆகஸ்ட் 22 இரவு வெள்ளத்தில் ஒன்பது மதகுகள் அடித்துப்போனதையும் அவர் சொல்லட்டும். அந்த வாரம் ஊர் முழுக்க அதே பேச்சாக இருந்ததே, அதையும் சேர்த்து. புத்தகத்தில் வராத பகுதி அதுதான்.

ஆனால் ஆற்றுக்குள் இறங்கக்கூடாது. கெஞ்சினாலும் கூடாது. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல்தான் திறப்பார்கள். மே மாதம் மணலாகத் தெரியும், நடுநடுவே முழங்கால் தண்ணீர் நிற்கும். அந்த முழங்கால் தண்ணீருக்குப் பக்கத்திலேயே ஆளை விழுங்கும் பள்ளம் இருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. மணலில் விளையாட ஆசைப்பட்டால் கரையோர மணல் போதும், ஒரு கொட்டாங்கச்சி கொடுத்தால் பேத்திக்கு ஒரு மணி நேரம்.

எப்போதாவது காலையில் கிளம்ப முடியாமல் போனால், விமான நிலையம் பக்கம் இருக்கும் அண்ணா அறிவியல் மையக் கோளரங்கம் மத்தியானத்துக்கு நல்லது. இருட்டு, குளிர்ச்சி, நாற்காலி. உங்கள் வீட்டுக்காரர் தூங்கினாலும் யாருக்கும் தெரியாது.

மகள் இருக்கும் அந்த நான்கு நாளில்தான் இரவு தங்கும் பயணம் வைக்கவேண்டும். தரங்கம்பாடியா, செட்டிநாடா என்று யோசித்தேன். தரங்கம்பாடியில் கடலும் 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையும் உண்டு, ஆனால் தூரம் அதிகம். மே மாதத்துக்குச் செட்டிநாடுதான் என் கணக்கு. காரணம் வீடுதான். தடிச்சுவர், உயர்ந்த கூரை, நடுவே திறந்த முற்றம். வெளியே கொளுத்தும்போது உள்ளே வெறுந்தரையில் படுக்கலாம். கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் பழைய வீடுகளைத் தங்குமிடமாக மாற்றியிருக்கிறார்கள். வாடகை கொஞ்சம் கூடுதல்தான். கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். அந்தக் கால மரப்படி செங்குத்தாக இருக்கும், உங்கள் முட்டிக்கு ஆகாது. ரயில் புதுக்கோட்டை, திருமயம் வழியாகப் போகிறது. ஜன்னல் வழியே திருமயம் மலைக்கோட்டையைக் காட்டுங்கள். ஏறவேண்டாம்.

அங்கே கட்டாயம் பார்க்கவேண்டியது ஆத்தங்குடியில் தரைக்கல் செய்வது. ஒரு கண்ணாடித் தகடு, அதன்மேல் இரும்புச் சட்டம், உள்ளே பூ வடிவத் தகட்டு அச்சு. சிமென்டில் கலந்த வண்ணத்தைக் கரண்டியால் அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஊற்றுவார் கைவேலைக்காரர், சிவப்பு இங்கே, பச்சை அங்கே என்று. அச்சை மெல்லத் தூக்குவார். நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நிற்கும். அந்த நொடியில் பேரன் முகத்தைப் பாருங்கள். மேலே உலர்ந்த சிமென்டைத் தூவி, பின்னர் கலவையைப் போட்டு மட்டப்படுத்துவார். சூளை கிடையாது, வெயிலும் தண்ணீர்த்தொட்டியும்தான். ஊறிக் காய்ந்தபின் கண்ணாடியைக் கழற்றினால் தளம் அதே கண்ணாடிபோல் பளபளக்கும். பட்டறையில் வெக்கை தாங்காது, அரை மணி நேரம் போதும். காலையிலேயே போய்விடுங்கள்.

திரும்பும்போது புதுக்கோட்டையில் இறங்கி அருங்காட்சியகம் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், அன்று வெள்ளிக்கிழமையா என்று மட்டும் பாருங்கள். வெள்ளிக்கிழமை அரசு அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை.

புதுக்கோட்டை பக்கத்துச் சித்தன்னவாசல் வேண்டாம் என்கிறேன். அங்கே அறிவர் கோயில் என்ற சமணக் குகைக்கோயிலின் ஓவியத்தில் தாமரைக்குளமும் மீனும் எருமையும் யானையும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்தான், ஆனால் மே மாதப் பாறை உங்களைச் சுட்டுவிடும். அதுவும் மலைமேல் சமணர் படுக்கைகள் இருக்கும் ஏழடிப்பட்டத்துக்கு ஏறும் எண்ணம் உங்களுக்குக் கனவிலும் வரக்கூடாது. அரையாண்டு விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கரைவெட்டிச் சரணாலயத்துப் பறவைகளைப் பார்ப்பதும் அப்போதுதான்.

இனி சாப்பாடு. கட்டுச்சோறு எடுத்துப்போங்கள், வழியில் வாங்காதீர்கள். மே மாதத் தயிர்சாதம் பத்து மணிக்கே புளித்துப்போகிறது என்று எல்லாரும் சொல்வார்கள். தயிர் ஊற்றிப் பிசைந்தால் புளிக்கத்தான் செய்யும். விடிகாலையில் சுடச்சுடக் குழைந்த சாதத்தை மசித்து, காய்ச்சிய பால் தாராளமாக விட்டு, ஆறியதும் ஒரே ஒரு கரண்டி தயிர் கலந்து கட்டுங்கள். ஒன்பது, ஒன்பதரைக்குத் திறக்கும்போது பதமாக உறைந்திருக்கும். திராட்சை எடுத்துப்போனால் பேத்திக்கு நீளவாக்கில் நறுக்கிக் கொடுங்கள். முழுசாக விழுங்கித் தொண்டையில் சிக்கும் வயது.

உங்கள் வீட்டுக்காரர் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, 'அங்கே போய்ச் சாப்பிடலாம்' என்று வெறும் வயிற்றோடு கிளம்பக்கூடாது. ரயில் தாமதமானால் சர்க்கரை இறங்கிவிடும். இரண்டு இட்லியாவது உள்ளே போகவேண்டும். சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும், அது எதற்கு என்று பேரனுக்கும் தெரிந்திருக்கட்டும். பேத்தியின் முன்கையில் பால்பாயின்ட் பேனாவால் உங்கள் போன் நம்பரை எழுதிவிடுங்கள். கூட்டத்தில் கையை உருவிக்கொண்டு ஓடும் பிள்ளைக்குச் சட்டைப்பைச் சீட்டு உதவாது.

பேரனின் போன் பற்றிக் கேட்டீர்கள். பிடுங்காதீர்கள், போர் தொடங்கும். அவனைக் கணக்குப்பிள்ளை ஆக்கிவிடுங்கள். கிளம்பும்போது ஐந்நூறு ரூபாயும் ஒரு சின்ன நோட்டும் அவன் கையில். டிக்கெட், ஆட்டோ, இளநீர் எல்லாம் அவன்தான் கொடுக்கவேண்டும், அவன்தான் எழுதவேண்டும். மீதி வந்தால் அவனுக்கே. ஆட்டோக்காரரிடம் பேரம் பேசும் பத்து வயதுப் பையனுக்குப் போனைப் பார்க்க நேரம் இருக்காது. வெள்ளைக்காரத் தொப்பிச் சிற்பத்தைப் படமெடுக்க மட்டும் போனைக் கேட்பான். கொடுங்கள்.

கல்லணையை நான் சேர்க்கவில்லை என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்பார். தண்ணீர் இல்லாத கல்லணையை ஏன் காட்டவேண்டும்? ஆகஸ்டில் மதகு வழியே காவிரி இரைந்து விழும்போது காட்டுங்கள். ஆடிப்பெருக்கு அன்று கூட்டம் தாங்காது, அதற்கு அடுத்த வாரம் தோதுப்படும். சுதந்திர தினத்தை ஒட்டி மகளுக்கு இரண்டு நாள் லீவு கிடைக்குமா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.