பாலத்து நேப்பியரும் மடக்கை நேப்பியரும்

கேள்வி: கூவத்தின் மேல் நிற்கும் நேப்பியர் பாலத்துக்குப் பெயர் தந்தவரும், பிளஸ் டூவில் நம்மைப் படாதபாடு படுத்திய மடக்கையை (லாகரிதம்) கண்டுபிடித்த நேப்பியரும் ஒரே குடும்பமா?
— வாசகர், சிந்தாதிரிப்பேட்டை

பதில்: ஒரே குடும்பம்தான். மடக்கைக்காரர் ஜான் நேப்பியர் (1550–1617), ஸ்காட்லாந்தின் எடின்பரோவை ஒட்டிய மெர்ச்சிஸ்டன் பண்ணைக்குச் சொந்தக்காரர். நம்மூர்க் கணக்கில் ஜமீன்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1614இல் மடக்கை அட்டவணையை அச்சிட்டவருக்குப் பிரபுப் பட்டம் கிடையாது. 1627இல் அது கிடைத்தது அவர் மகன் ஆர்ச்சிபால்டுக்கு. நம் ஆளுநர் பிரான்சிஸ் நேப்பியர் (1819–1898) அந்த வரிசையில் 10ஆவது பிரபு. சென்னை மாகாணத்தை 1866 முதல் 1872 வரை ஆண்டார். பாலம் 1869இல் வந்தது. உங்கள் பேட்டையின் மே தினப் பூங்காவுக்கும் பழைய பெயர் நேப்பியர் பூங்காதான்.

கேள்வி: 10ஆவது பிரபு என்றால், முதல் பிரபுவிலிருந்து 10ஆவது தலைமுறை என்று வம்சாவளிப் படம் போடலாமா?
— வாசகி, மயிலாப்பூர்

பதில்: போட்டால் தப்பாகிவிடும். அந்த எண் பட்டத்தில் உட்கார்ந்தவர்களின் கணக்கு. தலைமுறைக் கணக்கு வேறு. இந்தக் குடும்பத்தில் சிக்கல் 3ஆவது பிரபுவிடம் தொடங்குகிறது. கல்யாணம் ஆகாதவர். தனக்குப் பின் பட்டம் போய்விடக் கூடாதென்று, 1677இல் அதை அரசரிடம் ஒப்படைத்துவிட்டு, சகோதரிகளின் வாரிசுகளுக்கும் செல்லும்படி புதிதாக வாங்கிக்கொண்டார். 1683இல் அவர் இறந்ததும் ஒரு சகோதரியின் மகன் தாமஸ் நிக்கல்சன் 4ஆவது பிரபு. மூன்றே வருஷத்தில் அவரும் வாரிசின்றிப் போக, பட்டம் கீழே இறங்காமல் மேலே ஏறியது: அவருடைய சித்தி மார்கரெட் 5ஆவதாக வந்தார். மார்கரெட்டின் மகள் எலிசபெத் தாய்க்கு முன்பே காலமானதால், 1706இல் பேரன் பிரான்சிஸ் ஸ்காட் 6ஆவது பிரபுவாகி, நேப்பியர் என்று குடும்பப் பெயரை மாற்றிக்கொண்டார். அதன் பிறகு 10 வரைக்கும் அப்பா, மகன் என்று நேராகப் போகிறது. ஒரு வம்பும் இல்லை.

ஆகவே படத்தில் 3, 4 இருவரையும் பக்கக் கிளையில் போடுங்கள். பட்டமே இல்லாத எலிசபெத்தை நடுக்கோட்டில் எழுதுங்கள். பலர் விட்டுவிடுவது இவரைத்தான், விட்டால் பாட்டிக்கும் பேரனுக்கும் நடுவே கோடு அறுந்துவிடும். இப்போது எண்ணினால் நம் ஆளுநர் 9ஆவது தலைமுறை. தந்தைவழி மட்டும் பார்த்தால் அவர் ஸ்காட் குலத்தவர், நேப்பியரே இல்லை! இதை, மாமன் சொத்து சகோதரியின் மக்களுக்குப் போகும் கேரள வழக்கமான மருமக்கள் தாயத்தோடு ஒப்பிட வேண்டாம். ஆண் வாரிசு இல்லாத குறையை ஈடுகட்டச் செய்த தனி ஏற்பாடு இது, குடும்ப வழக்கமல்ல.

கேள்வி: அபிசீனிய (இன்றைய எத்தியோப்பியா) போர் நடத்திய நேப்பியரும் இவர்தானே?
— வாசகர், திருவொற்றியூர்

பதில்: இல்லை. அவர் கொழும்பில் பிறந்த தளபதி ராபர்ட் நேப்பியர். 1868இல் பெற்ற பட்டத்தில், அந்தப் போரில் பிடித்த கோட்டையின் பெயரான 'மக்தலா' ஒட்டியிருக்கும். 1870 முதல் 1872 வரை இரண்டு நேப்பியர் பிரபுக்களும் இந்தியாவில் பதவியில் இருந்ததால், பழைய ஆவணங்களில் வெறும் 'லார்டு நேப்பியர்' என்று கண்டால் பதவியையும் சேர்த்துப் பாருங்கள்: படைத்தலைவர் என்றால் மக்தலா, சென்னை ஆளுநர் என்றால் நம்மவர். நம்மவருக்கு 1872இல் எட்ரிக் பட்டமும் சேர்ந்தது. அதற்குப் பிந்திய தாள்களில் 'நேப்பியர் அண்டு எட்ரிக்' என்று தேட வேண்டும்.