டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா? இஞ்சின் விலையை விட்டுவிட்டுக் கடனைப் பாருங்கள்

கேள்வி: அண்ணே, பெரியபட்டினம் பக்கம் ஃபைபர் படகு வைத்திருக்கிறேன். நண்டு வலையும் கணவாயும்தான் தொழில். 9.9 குதிரைத்திறன் பழைய டூ ஸ்ட்ரோக் இஞ்சின் இனி தாங்காது. புதுசு டூ ஸ்ட்ரோக் 1.45 லட்சம், ஃபோர் ஸ்ட்ரோக் 2.20 லட்சம் சொல்கிறார்கள். கையில் 80,000 இருக்கிறது, வீட்டில் கொஞ்சம் நகை உண்டு. ஒரு தடவை போய்வர 12 லிட்டர் பெட்ரோல், மாசம் 16 நாள், வருஷத்துக்குப் பத்து மாசம் போவேன். சராசரியாக 3,500 ரூபாய்க்கு மீன் விற்கும். குறைகிற பணத்தை வியாபாரி வட்டியில்லாமல் தருகிறேன் என்கிறார். மீனை அவரிடமே போட வேண்டும், நூற்றுக்குப் பத்து கழிப்பார். இப்போது போடுகிற இடத்தில் ஐந்துதான். எதை வாங்கலாம்?

பதில்: தம்பி, இவ்வளவு கணக்கோடு எழுதியது நல்லது, உங்கள் கணக்கை வைத்தே பேசுவோம்.

டூ ஸ்ட்ரோக்கில் புதுசாக உள்ளே வருகிற பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமலே புகையோடு வெளியே போய்விடும், அதன் அமைப்பே அப்படி, எந்த மெக்கானிக்காலும் அதைச் சரிசெய்ய முடியாது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் அந்தக் கசிவு இல்லை. கால்வாசி மிச்சம் என்று கொஞ்சம் இறுக்கிப் பிடித்தே கணக்குப் போடுகிறேன், உங்கள் 12 லிட்டரில் 3 லிட்டர், லிட்டர் 100 ரூபாய் என்றால் 300. அப்புறம் டூ ஸ்ட்ரோக்குக்குப் பெட்ரோலில் கலக்கிற ஆயில் இருக்கிறது. ஐம்பதுக்கு ஒன்று என்று கலந்தால் 12 லிட்டருக்குக் கால் லிட்டர் கிட்ட வரும், அது ஒரு 100 ரூபாய். ஆக ஒரு தடவைக்கு 400, வருஷம் 160 தடவைக்கு 64,000. ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு நூறு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்ற வேண்டும், அந்தச் செலவைக் கழித்தால் 60,000 கையில் நிற்கும். விலையில் இருக்கிற 75,000 வித்தியாசம் பதினைந்து மாசத்தில் திரும்பி வந்துவிடுகிறது. மாசம் ஐந்து நாள் மட்டும் கடலுக்குப் போகிறவர் கேட்டிருந்தால் யோசிக்காமல் டூ ஸ்ட்ரோக் வாங்கச் சொல்லியிருப்பேன், அவருக்கு அந்தப் பணம் திரும்ப நாலு வருஷம் ஆகும். மானிய விலை மண்ணெண்ணெயில் ஓட்டுகிறவருக்கும் கணக்கு வேறு, பெட்ரோல் ஃபோர் ஸ்ட்ரோக்கில் மண்ணெண்ணெய் ஊற்ற முடியாது. உங்களுக்கு ஃபோர் ஸ்ட்ரோக்தான் சரி.

ஆனால் வியாபாரி பணத்தில் வேண்டாம்.

வட்டியில்லை என்று அவர் சொல்வதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இப்போது ஐந்து, இனிமேல் பத்து, அந்தக் கூடுதல் ஐந்து 3,500 ரூபாய் மீனுக்கு 175. வருஷத்துக்கு 28,000. நீங்கள் வாங்கப்போவது 1,40,000, அப்படியென்றால் நூற்றுக்கு இருபது வட்டி, அதுவும் அசல் ஒரு ரூபாய்கூடக் குறையாமல். வேறு யாருக்கும் போட முடியாது என்று ஆன பிறகு விலையையும் அவரே சொல்வார். நண்டுக்குக் கிலோவுக்கு 20 ரூபாய் குறைத்துப் போட்டால், பத்துக் கிலோ பிடிபட்ட நாளில் 200 போச்சு, வருஷம் முழுக்க அப்படி நடந்தால் 32,000. ரெண்டையும் கூட்டினால் 60,000. இஞ்சின் மிச்சப்படுத்திக் கொடுக்கிற பணம் அப்படியே அவர் கைக்குப் போகிறது, நீங்கள் பழையபடிதான் இருப்பீர்கள், தலையில் 1,40,000 கடனோடு. இந்தக் கரையில் அப்பா வாங்கிய முன்பணத்துக்கு மகன் மீன் போட்டுக்கொண்டிருக்கிற வீடுகள் உண்டு என்பது உங்களுக்கே தெரியும். நீங்கள் அதில் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது.

நகையை வங்கியில் வையுங்கள். வட்டி பத்து சதவீதம் என்றாலும் முதல் வருஷம் 14,000-க்குள் முடியும், மாசாமாசம் 5,000 அசலில் கட்டினால் வட்டியும் குறைந்துகொண்டே வரும், அந்த 5,000-ஐப் பெட்ரோல் மிச்சமே கொடுத்துவிடும். பணம் கட்டும்போது அசலில் வரவு வைக்கச் சொல்லி ரசீதைப் பாருங்கள். நகை அவ்வளவு தேறாது என்றால் டூ ஸ்ட்ரோக் வாங்குங்கள், குறைவது 65,000தான், அதற்கு நகை போதும். நிஜமாகத்தான் சொல்கிறேன், யாருக்கும் கட்டுப்படாமல் வாங்கிய டூ ஸ்ட்ரோக், வியாபாரி பணத்தில் வாங்கிய ஃபோர் ஸ்ட்ரோக்கைவிட நல்லது.

பெட்ரோல், ஐஸ், வலைச் செலவுக்குக் கிசான் கிரெடிட் கார்டு கேளுங்கள். 2018-19 முதல் மீனவர்களுக்கும் உண்டு, 2 லட்சம் வரை 7 சதவீதம், தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம்தான் விழும். அதில் எடுத்து இஞ்சின் வாங்காதீர்கள், அது ஓட்டச் செலவுக்கான கடன், வருஷத்துக்குள் திருப்ப வேண்டும்.

ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கினால் ரெண்டு விஷயம். நம் பக்கம் இஞ்சினைக் கழற்றித் தோளில் தூக்கி வந்து வீட்டில் படுக்கப் போடுவது வழக்கம். டூ ஸ்ட்ரோக்கை எந்தப் பக்கம் படுக்கப் போட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது, ஃபோர் ஸ்ட்ரோக்கைக் கம்பெனி சொல்கிற பக்கம்தான் படுக்க வைக்க வேண்டும், மாற்றிப் போட்டால் உள்ளே இருக்கிற ஆயில் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். கூட வருகிற பையனுக்கும் இதைக் காட்டிக் கொடுங்கள். இன்னொன்று, கீழக்கரையிலோ ராமநாதபுரத்திலோ அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக் யார், சாமான் எத்தனை நாளில் வரும் என்று வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள், இஞ்சின் நாலு நாள் சும்மா கிடந்தால் 14,000 ரூபாய் மீன் போகிறது. எது வாங்கினாலும் கடலுக்குப் போய் வந்ததும் நல்ல தண்ணீர் டிரம்மில் விட்டுக் கொஞ்ச நேரம் ஓட விடுங்கள். ஒரு தடவைக்கு 100 ரூபாய் தனியாக எடுத்துப் போஸ்ட் ஆபீஸில் போட்டு வையுங்கள், வருஷத்துக்கு 16,000 சேரும், ரிப்பேர் வரும்போது யாரிடமும் கை நீட்ட வேண்டாம்.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை பெரிய விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அந்த 61 நாளும் உங்களைப் போன்ற சிறு படகுக்காரர்கள் மீனுக்குத்தான் விலை. அதற்கு முன்னால் புது இஞ்சின் படகில் ஏறிவிட வேண்டும். ஆனால் கடைக்காரரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் மீன்வளத் துறை அலுவலகத்துக்கு ஒரு நடை போங்கள். வெளிப்பொருத்தும் இயந்திரத்துக்கு, அதாவது இந்த மாதிரிப் படகு இஞ்சினுக்கு, மானியம் கொடுத்து வந்திருக்கிறார்கள், இந்த வருஷம் மனு வாங்குகிறார்களா, எந்த மாடலுக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். படகுப் பதிவுச் சான்றும் மீனவர் அடையாள அட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.