தடம் பொது, வட்டு வேறு

கேள்வி: நிண்டெண்டோ வீ கருவிக்கான ‘மரியோ கார்ட் வீ’ விளையாட்டுக்கு நானே உருவாக்கிய பந்தயத் தடத்தை, வட்டை மாற்றாமலே அதன் கோப்புகளுக்குப் பதில் நம் கோப்புகளை ஏற்றும் ரிவொல்யூஷன் நிரல் வழியாக என் ஐரோப்பிய வட்டில் ஓட்டுகிறேன். அதே கோப்புகளை அமெரிக்க வட்டு வைத்திருக்கும் நண்பருக்குக் கொடுத்தேன். தடம் திறக்கிறது, ஆனால் பட்டியலில் பழைய பெயரே வருகிறது, உடன் சேர்த்த கெக்கோ குறியீட்டை (ஆட்டத்தின் நிரலை மாற்றும் குறியீடு) இயக்கினால் ஆட்டம் உறைந்துவிடுகிறது. அவருக்கெனத் தடத்தைத் திரும்ப உருவாக்க வேண்டுமா?

பதில்: தடத்தைத் தொடவே வேண்டாம். தடத்தைச் சுருக்கிக் கட்டி வைத்திருக்கும் எஸ்இசட்எஸ் கோப்புக்குள் இருக்கும் வழித்தடப் புள்ளிகள், மோதல் பரப்பு, முப்பரிமாண மாதிரி ஆகிய மூன்றும் ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான், கொரியா ஆகிய நான்கு பதிப்புகளுக்கும் ஒன்றுபோலவே பொருந்தும்.

தடத்தின் பெயர் அந்தக் கோப்பில் இல்லை. பட்டியல் திரைக்குரிய கோப்பில், மொழிவாரியாக இருக்கிறது. ஐரோப்பிய வட்டில் ஆங்கிலத்துக்குரிய கோப்பு ‘மெனுசிங்கிள்_இ’ என்றும், அமெரிக்க வட்டில் ‘மெனுசிங்கிள்_யு’ என்றும் முடிவதால், நீங்கள் மாற்றிய கோப்புக்கு நண்பரின் வட்டில் இடமே இல்லை. விளையாட்டின் அடையாள எண்ணில் ‘இ’ அமெரிக்காவைக் குறிக்கும். கோப்புப் பெயரில் அதே ‘இ’ ஐரோப்பிய ஆங்கிலத்தைக் குறிக்கும். பழகியவர்களே தடுமாறும் இடம் இது. உங்கள் கோப்பின் பெயரை மட்டும் மாற்றி அனுப்பாமல், நண்பரின் வட்டிலிருந்து அவருடைய கோப்பைப் பிரித்தெடுத்து, அதற்குள் இருக்கும் பிஎம்ஜி என்ற உரைக் கோப்பில் தடத்தின் பெயரை மாற்றி, மீண்டும் கட்டி வைப்பதே பாதுகாப்பானது.

உறைவதற்குக் காரணம் வேறு. கெக்கோ குறியீடு என்பது நினைவகத்தின் குறிப்பிட்ட முகவரியில் ஒரு மதிப்பை எழுதச் சொல்லும் கட்டளை. ஒவ்வொரு பதிப்பின் நிரலும் தனித்தனியே தொகுக்கப்பட்டதால், ஐரோப்பிய முகவரியில் இருக்கும் கட்டளை அமெரிக்க நிரலில் வேறோர் இடத்தில் இருக்கும். நீங்கள் எழுதும் மதிப்பு சம்பந்தமில்லாத கட்டளையின் மேல் போய் விழுகிறது. முகவரியுடன் ஒரே எண்ணைக் கூட்டிச் சரிசெய்யலாம் என்று பலர் முயல்வதுண்டு; முகவரிகள் தள்ளிப்போகும் அளவு பகுதிக்குப் பகுதி மாறுவதால் அது பலிக்காது. கூடுதல் தடங்களைச் சேர்க்க உதவும் எல்இ-கோட் நான்கு பதிப்புகளுக்கும் நான்கு தனிக் கோப்புகளாக வழங்கப்படுவதும் இதனால்தான். ஆகவே அந்தக் குறியீட்டின் அமெரிக்க வடிவத்தைத் தேடிப் பெறுங்கள். கிடைக்காவிட்டால் அதை விட்டுவிடுங்கள், தடம் தடையின்றி ஓடும்.

இருவரும் ஒரே திரையைப் பிரித்து ஆடுவதாக இருந்தால், பலர் சேர்ந்து ஆடும்போது பயன்படும், ‘_டி’ எனப் பெயர் முடியும் தடத்தின் இணைக் கோப்பையும் மாற்றியிருக்கிறீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால் எந்த வட்டிலும் பழைய தடமே வரும்.