மூன்று பேர் குடியிருக்கும் வீட்டுக்கு ஒரே கையெழுத்தா?

கேள்வி: சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் வளாகத்தில் முதுகலை முதலாம் ஆண்டு படிக்கிறேன். விடுதியில் இடம் கிடைக்காததால், வகுப்புத் தோழிகள் இருவரோடு சேர்ந்து மந்தைவெளியில் இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு வீட்டைப் பார்த்திருக்கிறோம். வாடகை 24,000 ரூபாய், முன்பணம் 1,50,000 ரூபாய். என் அப்பா நேரில் வந்து பேசியதால், ஒப்பந்தம் என் பெயரில் மட்டும் இருந்தால் போதும் என்கிறார் வீட்டுக்காரர். பதினொரு மாத ஒப்பந்தம் என்பதால் எங்கும் பதிய வேண்டாம் என்கிறார் தரகர். சம்மதிக்கலாமா?
- வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: பறக்கும் ரயிலில் ஏறினால் சில நிறுத்தங்களில் சேப்பாக்கம் வந்துவிடும் என்பதால், இடத்தை நன்றாகவே தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். ஆனால், உங்கள் பெயரில் மட்டும் ஒப்பந்தம் என்பதற்குத் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். தாளில் ஒரே பெயர் இருந்தால் 24,000 ரூபாய்க்கும் பொறுப்பு நீங்கள் ஒருவர்தான். உங்களால் முடியாத மாதத்தில் அந்தச் சுமை உங்கள் அப்பாவின் தலையில்தான் போய் விழும். தோழிகளின் நிலை அதைவிட மோசம். ஆளுக்கு 50,000 ரூபாய் கொடுத்திருந்தாலும், அந்த வீட்டில் அவர்களுக்கு என்ன உரிமை என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. வீட்டுக்காரரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக்கூடாது என்று சட்டம் சொல்வதால், நாளை ஏதேனும் மனத்தாங்கல் வந்தால் அவர்கள் அங்கே இருப்பதையே உங்கள் மீது குற்றமாகச் சொல்ல இடமுண்டு.

நான் படித்த நாட்களில் நான்கு பெண்கள் ஒரே வீட்டில் இருந்தோம். ஒப்பந்தத்தில் என் பெயர் மட்டும் இருந்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போன ஒருத்திக்குத் திருமணம் நிச்சயமாகிவிட்டதால் அவள் திரும்பி வரவில்லை. அவள் மீது குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று மாதங்கள் அவள் பங்கையும் நாங்களே கட்டினோம். காலி செய்த அன்று வீட்டுக்காரர் சுவரிலிருந்த ஆணித் துளைகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணி, வெள்ளையடிக்கும் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். அந்தத் துளைகளில் பாதி நாங்கள் குடிபுகும் முன்பே இருந்தவை. அதைக் காட்ட எங்களிடம் ஒரு புகைப்படம்கூட இல்லை.

ஆகவே மூவரின் பெயரும் கையெழுத்தும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ஒருவர் நடுவில் விலகினால் அவருக்குப் பதிலாக வேறொரு மாணவியைச் சேர்த்துக்கொள்ள வீட்டுக்காரர் சம்மதிக்கிறார் என்ற வரியையும் இப்போதே எழுதி வாங்குங்கள். அதோடு, உங்கள் மூவருக்குள்ளும் ஒரு தாள் வேண்டும். யார் எவ்வளவு முன்பணம் தந்தார், விலகுகிறவர் எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், புதிதாக வருபவர் 50,000 ரூபாயை யாரிடம் கொடுப்பார் என்பனவற்றை அதில் எழுதுங்கள். வெள்ளையடிக்க 24,000 ரூபாய் பிடித்தால் ஆளுக்கு 8,000 ரூபாய். முன்பே விலகியவர் தன் முன்பணத்தை முழுதாக வாங்கிக்கொண்டு போய்விட்டால், அவருடைய பங்கும் கடைசிவரை இருப்பவர்கள் மீதுதான் விழும். தோழிகளுக்குள் எழுத்து எதற்கு என்று கூச்சப்படாதீர்கள். சண்டை வந்த பிறகு எந்தத் தாளிலும் ஒருவரும் கையெழுத்துப் போடமாட்டார்.

பதிய வேண்டாம் என்று தரகர் சொல்வது தவறு. சொத்து உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். பதினொரு மாதமே ஆனாலும் வாடகை அதிகார அமைப்பிடம் அதைப் பதிய வேண்டும். வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத வரையில் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்பதும் அதே சட்டம். உங்கள் கணக்கில் அது 72,000 ரூபாய்தான். அதிகத் தொகைக்குக் கையெழுத்திட்டுவிட்டால் நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதால், பேரம் பேசுவதை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். சென்னையில் பத்து மாத முன்பணம் கேட்பது நெடுநாள் வழக்கம் என்பதால் உடனே இறங்கி வரமாட்டார்கள். அப்பாவையே பேசச் சொல்லுங்கள்.

பணத்தைத் தரகர் கையில் கொடுக்காமல் உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். அனுப்பும் முன், சொத்து வரி ரசீதிலும் மின் கட்டண அட்டையிலும் உள்ள பெயரும் கையெழுத்திடுபவரின் பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். வேறு பெயராக இருந்தால் காரணம் கேட்காமல் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள்.

மின்சாரத்தையும் விட்டுவிடாதீர்கள். தனி இணைப்பு இருந்தால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கே கிடைக்கும். வீட்டுக்காரரின் இணைப்பிலிருந்து உள்மீட்டர் வைத்திருந்தால், யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று அவர் சொல்வதே கணக்கு. தண்ணீரைப் பற்றி வீட்டுக்காரரிடம் கேட்பதைவிட, மே மாதத்தில் லாரி எத்தனை முறை வந்தது என்று கீழ்வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். குடிபுகும் நாளில், சாமான்களை இறக்கும் முன், ஒவ்வொரு சுவரையும் குழாயையும் மீட்டரின் எண்ணையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: சென்னையில் படிக்கும் என் மகள் தனியார் பெண்கள் விடுதியில் நால்வரோடு ஓர் அறையில் தங்கியிருக்கிறாள். கட்டும் பணத்துக்கு ரசீது தருவதில்லை. கேட்டால் அறையைக் காலி செய்யச் சொல்வார்களோ என்று அஞ்சுகிறாள்.
- வாசகர், தருமபுரி

பதில்: மகளின் அச்சம் நியாயமானதே, எனவே அவளைக் கேட்கச் சொல்லாமல் நீங்களே போய்க் கேளுங்கள். பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளை ஒழுங்குபடுத்தும் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி, அத்தகைய விடுதியை நடத்துபவர் மாவட்ட ஆட்சியரிடம் பதிந்து உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமத்தைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். காட்டத் தயங்கினால் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். ஆனால் அதற்கு முன்பே மகளுக்கு வேறோர் இடம் பார்த்து வைத்துவிடுங்கள். இனிக் கட்டும் பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவே அனுப்பி, அது எந்த மாதத்துக்கு உரியது என்பதையும் அதில் குறிப்பிடுங்கள். ரசீது தராவிட்டாலும் கட்டியதற்குச் சான்றாக அது இருக்கும்.