படகு இல்லாமல், கரையில் நின்றபடியே நீளத் தூண்டில் போட்டு மீன் பிடிக்க முடியுமா? உங்களுக்கு அந்த அனுபவம் உண்டா?

முடியும். நான் வசிக்கும் நியூசிலாந்தில் கரையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, 25 தூண்டில் முள் கோத்த கயிற்றை இறக்கிவிட்டு, அரை மணி நேரம் கழித்து இழுத்து எடுப்பது பலருக்கு வார இறுதி வழக்கம். நம் ஊரில் ஆயிரங்கால் தூண்டில் என்பார்களே, அதன் சின்னத் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கயிற்றைக் கடலுக்குள் இழுத்துப் போக ஒரு கருவி உண்டு. பெயர் கொன்டிகி. 1947-இல் பெருவிலிருந்து பசிபிக்கில் புறப்பட்டுப் போன கொன்-டிக்கி மிதவையின் பெயரைத்தான் இதற்கு வைத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் பாய் கட்டிய சிறு மிதவையைக் கரைக்காற்றில் தள்ளிவிடுவார்களாம். பட்டத்தில் கட்டி அனுப்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எங்களிடம் இருந்தது பேட்டரியில் ஓடும் வகை. பார்க்க டார்பிடோ மாதிரி இருக்கும். இத்தனை நிமிடம் ஓடு என்று நேரம் வைத்து விட்டால், ஓடி நின்றுவிடும். மீட்டெடுக்க மின்சார ராட்டை இருக்கிறது.

போன பிப்ரவரியில் நண்பனோடு ஆக்லாந்துக்கு வடமேற்கே முரிவாய் கடற்கரைக்குப் போனேன். அங்கே மணல் கறுப்பு. எரிமலைப் பாறையிலிருந்து வந்த இரும்புத் தாது கலந்திருப்பதால் காந்தத்தைப் போட்டால் பூனை முடி மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். வெயில் ஏறினால் வெறுங்காலில் நிற்க முடியாது.

நண்பன் தூத்தூர் பக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடி, கேரள எல்லையை ஒட்டிய கரை. சுறா பிடிப்பதில் பேர் போன ஊர் அது. வாரக்கணக்கில் கடலில் தங்கி ஆயிரங்கால் தூண்டில் விடுகிறவர்கள். அவன் அப்பாவும் அப்படித்தான். ஆனால் மகனை ஒரு நாள்கூட வள்ளத்தில் ஏற்றவில்லை. "நீ படி, போதும்" என்று சொல்லிவிட்டார். 2017-இல் ஒக்கிப் புயலுக்குப் பிறகு அவரும் கடலுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். ஆக, மூன்று தலைமுறைத் தூண்டில்காரக் குடும்பத்துப் பையன் கடலில் நீளத் தூண்டில் இறக்கியது முதன்முதலாக முரிவாயில், என்னோடுதான். சின்ன வயதில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அப்பாவுக்கு முள் கட்டிக் கொடுத்தது மட்டுமே அவனுக்குத் தெரிந்த தொழில். அந்தத் தொழிலே எவ்வளவு பெரியது என்பதை அன்று கண்ணால் பார்த்தேன்.

முந்தின நாள் இரவு போன் செய்தான். "மக்கா, கச்சான் ஓஞ்சிருக்கு. நாளைக்குக் கொண்டல். போவோமா?" மேற்குக் காற்றைக் கச்சான் என்பார்கள், கிழக்குக் காற்றைக் கொண்டல் என்பார்கள். முரிவாய் மேற்கைப் பார்த்த கரை. கச்சான் வீசினால் அலை மலை மாதிரி எழும், கொன்டிகியைத் திருப்பிக் கரையிலேயே போட்டுவிடும். கொண்டல் அடித்தால் அலை படியும். தூத்தூரிலும் கச்சான்தான் கடலைக் கெடுக்கும் என்றான். எத்தனையோ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்தும் அந்தச் சொல் அப்படியே பயன்படுவதில் அவனுக்கு ஒரு சந்தோஷம்.

காலை ஒன்பதரைக்கு வற்றம், அதாவது கடல் முழுதாக உள்வாங்கும் நேரம். ஏழரைக்கெல்லாம் மணலில் வண்டியை இறக்கிவிட்டோம். வற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும்தான் அங்கே வண்டி ஓட்ட முடிந்தது. அதைத் தாண்டி நின்றால் கடல் வந்து டயரைப் பிடித்துக்கொள்ளும்.

இரை கோப்பதுதான் பாதி வேலை. கணவாய் மீனைப் பட்டையாக வெட்டி, உப்புப் போட்ட சூரை மீன் துண்டோடு சேர்த்து, மெல்லிய ரப்பர் நூலால் சுற்ற வேண்டும். முள் முனை வெளியே தெரிய வேண்டும். நான் முனையை மறைத்து அழகாகக் கட்டியிருந்தேன். அவன் எடுத்துப் பார்த்துவிட்டுப் பிரித்தான். வட்டமாக வளைந்த முள் மீனின் வாய் ஓரத்தில் தானாகச் சிக்க வேண்டும், இரை முனையை மூடிவிட்டால் சிக்காது என்றான்.

கொன்டிகியை இடுப்பளவு தண்ணீருக்குக் கொண்டுபோய், ஒரு அலை உடைந்து அடுத்த அலை எழும் இடைவெளியில் விட்டான். கயிறு ஓட ஆரம்பித்ததும், முள் கட்டிய சிறு கிளைக்கயிறுகளை ஒவ்வொன்றாகக் கொக்கியில் மாட்ட வேண்டும். கயிறு நிற்காது, நாம்தான் அதன் வேகத்துக்குப் போக வேண்டும். "சட்டக் கைய மடக்கு மொதல்ல" என்று கத்தினான். முள் துணியில் மாட்டினால் கயிறு ஆளையும் சேர்த்து இழுக்கும். புதிதாகப் போகிறவர்கள் இதை மட்டும் மறக்க வேண்டாம்.

முதல் இழுப்பில் ஏழு மீன். அதில் இரண்டு ஸ்னாப்பர், இங்குள்ள பூர்வகுடிகளின் மாவோரி மொழியில் தாமுரே. நிறம் நம் சங்கரா மீன் மாதிரி இருந்தாலும் இனம் வேறு. மேலே பொட்டுப் பொட்டாக நீலம் மின்னும், வெயிலில் அஞ்சு நிமிடம் கிடந்தால் அந்த நீலம் போய்விடும். மற்றவற்றில் ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. செக்கச்செவேல் என்ற உடம்பு, எலும்புக் கவசம் போட்ட தலை. கரையில் போட்டதும் 'குர்ர், குர்ர்' என்று உறுமியது. இங்கே கர்னார்டு என்கிறார்கள், மாவோரியில் குமுகுமு. நண்பன் அதன் மார்புத் துடுப்பை இரண்டு விரலால் மெல்ல விரித்தான். பட்டாம்பூச்சி இறகு மாதிரி விரிந்தது. பச்சையும் நீலமும், நடுவே ஒரு கருநீலத் திட்டு. துடுப்புக்குக் கீழே விரல் மாதிரி தனித்தனிக் கம்பிகள். அவற்றை ஊன்றித்தான் அது கடலடியில் நடந்து இரை தேடுமாம். அளவுபலகையில் வைத்தோம். கர்னார்டு குறைந்தது 25 செ.மீ. இருக்க வேண்டும். இது 23. அவனே முழங்கால் தண்ணீர் வரை போய், கையில் பிடித்துக்கொண்டே நின்று, அது வாலை அசைத்த பிறகு விட்டான்.

ஸ்னாப்பருக்கு இந்த மேற்குக் கரையில் 27 செ.மீ., ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து. ஒருவருக்கு ஒரே கயிறு, அதில் 25 முள்தான், மிதவையில் பெயர் எழுதியிருக்க வேண்டும். கடலில் பிடிக்க உரிமம் தேவையில்லை, ஆனால் பிடித்ததை விற்கக் கூடாது. விதிகள் மாறும் என்பதால் போகும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது இழுப்பில் ராட்டை முனகியது. ஏதோ பெரிது. கயிறு வந்தபோது எட்டாவது கிளையில் மீனும் இல்லை, முள்ளும் இல்லை. தங்கூசியின், அதாவது முள் கட்டும் நைலான் நரம்பின், நுனி பன்றி வால் மாதிரி சுருண்டிருந்தது. அறுந்திருந்தால் நுனி நேராக இருக்கும். சுருண்டிருந்தால் முடிச்சு வழுக்கியிருக்கிறது என்று அர்த்தம். அந்த எட்டாவது கிளையைக் கட்டியது நான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. நுனியை விரலில் சுற்றிப் பார்த்துவிட்டு, கிளைக்கயிறுகளை மாட்டி வைக்கும் பலகையில் மாட்டினான். எனக்கு மனம் கேட்கவில்லை. அந்த மீன் வாயில் முள்ளோடு போயிருக்கிறதே என்ற நினைப்பு இன்னும் இருக்கிறது.

அதோடு கட்டிவிட்டோம். ஆறு ஸ்னாப்பர், மூன்று கர்னார்டு. மூன்றாவது முறை போடலாமா என்று கேட்டேன். "ரெண்டு வீட்டுக்குப் போதும்லா" என்றான். மீன்களைக் கடல்நீரில் ஐஸ் கலந்து பெட்டியில் போட்டு, பதினொன்றரைக்குள் மணலை விட்டு ஏறிவிட்டோம்.

இரவு அவன் வீட்டில் புளிமுளம் என்ற மீன் குழம்பு. தலைகள் தனியே தேங்காய் அரைத்த குழம்பு. சாப்பிட்டு முடித்து ஒன்பது மணிக்கு அப்பாவுக்கு வீடியோ அழைப்பு. ஊரில் மதியம் ஒன்றரை. மீன் படத்தைக் காட்டினான். அவர் அதை அதிகம் கவனிக்கவில்லை. "தூண்டிலக் காட்டு மக்களே" என்றார்.

கிளைக்கயிறு பலகையைப் போனுக்கு முன்னால் தூக்கிப் பிடித்தான். அவர் கண்ணைச் சுருக்கி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எட்டாவதில் நின்றார்.

"இது யாரு கெட்டுனது?"

நான் தான் என்றேன்.

"இறுக்குறதுக்கு முன்னால வாயில வச்சு நனைச்சீங்களா? காஞ்ச தங்கூசி சூட்டுல வழுக்கும். நனைச்சு, மெதுவா இறுக்கணும்."

மறுநாள் காலை, நான் கட்டிய பன்னிரண்டையும் வெட்டிவிட்டு, ஒவ்வொன்றையும் நாக்கில் நனைத்து மறுபடி கட்டினேன்.